வீணாகும் பொருளில் வியாபாரம்: கை வைக்குமுன் ஒரு கணக்கு

சென்னையில் பழைய சாமான் கடையைக் ‘காயலான் கடை’ என்பார்கள். காயல்பட்டினத்தாரால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. இன்று ‘சுழற்சிப் பொருளாதாரம்’ எனப்படும் தொழில் நமக்குப் புதிதல்ல. இதில் இறங்க விரும்பும் நம் பிள்ளைகளுக்காக, இதன் நான்கு வழிகளைப் பார்ப்போம்.

1. கழிவை மூலப்பொருளாக்குதல்: திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வெட்டுத்துணிக் கழிவு பஞ்சாக்கப்பட்டு, மில்களில் மீண்டும் நூலாகிறது. நிறவாரியாகப் பிரித்தால் சாயச் செலவு குறையும். அதனால் பிரித்த சரக்குக்கே நல்ல விலை.

2. பழுது நீக்கி விற்றல்: பழைய செல்போன், லேப்டாப் வாங்குபவர் பொருளோடு உத்தரவாதத்தையும் எதிர்பார்க்கிறார்.

3. வாடகைக்கு விடுதல்: கல்யாண வீட்டுக்குத் தேக்சா கொடுப்பது இதுதான். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் 2015இல் செய்த ஏற்பாட்டின்படி, விளக்குகள் பிலிப்ஸ் நிறுவனத்துக்கே சொந்தமாக இருந்தன; விமான நிலையம் வெளிச்சத்துக்குப் பணம் கட்டியது. பொருள் நீடித்து உழைத்தால்தான் வாடகைக்கு விடுபவருக்கு லாபம்.

4. திரும்பப் பெறுதல்: முன்பணம் வாங்கிக்கொண்டு தண்ணீர் கேன் கொடுப்பது போல.

இவற்றில் பலரும் தவறுவது முதல் வழியில்தான். ‘கழிவுதானே, மலிவாகக் கிடைக்கும்’ என்று நினைக்கிறோம். ஓர் உதாரணக் கணக்கு: 100 கிலோ கழிவை கிலோ 20 ரூபாய்க்கு வாங்கினால் 2,000 ரூபாய். வண்டி வாடகை, பிரிப்புக் கூலி 1,000 ரூபாய். அதில் 25 கிலோ உதவாமல் போனால், மீதி 75 கிலோவின் அடக்கம் 3,000 ரூபாய்; அதாவது கிலோ 40 ரூபாய். 20க்கு வாங்கி 35க்கு விற்றவர், 15 ரூபாய் லாபம் என்று நினைத்திருப்பார். உண்மையில் கிலோவுக்கு 5 ரூபாய் நஷ்டம்!

எனவே மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வைப்போம். வாரந்தோறும் சரக்கு தருபவர் யார்? பிரித்தபின் தேறுவது எவ்வளவு? வாங்குபவர் யார், என்ன விலைக்கு?

ஓர் எச்சரிக்கை. மின்னணுக் கழிவை உடைத்து உலோகம் எடுக்க, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வீட்டருகே வயரை எரித்துச் செம்பு எடுத்தால், அந்த நச்சுப்புகையைச் சுவாசிப்பது நம் குழந்தைகளே.

முதலில் ஒரு மாதம் கைக்காசில் சிறிய அளவில் செய்து, நோட்டில் வரவு செலவு எழுதுவோம். அந்த நோட்டு லாபம் காட்டட்டும். வீட்டு நகையைத் தொடுவதா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.