கைத்தொழிலுக்கு ஓராண்டுத் திட்டம்: இலக்கு வகுத்தலும் கணக்குப் பார்த்தலும்

வங்கிக்கும் வரித்துறைக்கும் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் தொடங்கி மார்ச் 31-ஆம் நாள் முடிகிறது. கைத்தொழில் செய்வோரின் ஆண்டு அப்படி அமைவதில்லை. பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு செல்லும் வழியிலுள்ள பெருவெம்பு, மிருதங்கம், மத்தளம், செண்டை முதலிய தோற்கருவிகள் செய்வதற்குப் பெயர் பெற்ற ஊர். பாலக்காட்டு மத்தளம் புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள். இத்தொழிலில் ஈடுபட்டுள்ள குடும்பங்களுக்கு விஜயதசமியன்று புதிய மாணவர்கள் வாத்தியம் தொடும்போதுதான் ஆண்டு பிறக்கிறது. கல்பாத்தித் தேர், மார்கழிக் கச்சேரிகள், கோயில் திருவிழாக்கள், மேடமாதப் பூரங்கள் என வேலை தொடர்ந்து, இடவப்பாதி மழை இறங்கியதும் ஓய்கிறது. மழையில் தோல் காயாது. தோல் காயாவிட்டால் வாத்தியம் இல்லை.

இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்துவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். வாத்தியத் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், குத்தாம்புள்ளியில் தறி நெய்வோருக்கும், இடுக்கி மலைகளில் கண்ணாடிப்பாய் முடைவோருக்கும், வீட்டில் தையற்கலை செய்யும் மகளிருக்கும் இம்முறை பொருந்தும்.

என் தவற்றிலிருந்து கற்ற பாடம்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளையில் கடன் பிரிவைக் கவனித்து வந்தேன். வாத்தியம் செய்யும் முதியவர் ஒருவருக்குக் கடன் வழங்கி, அதை 36 சமமான மாதத் தவணைகளாகப் பிரித்து எழுதினேன். முதல் ஆறு மாதம் நாள் தவறாமல் கட்டினார். ஜூலையில் தவணை நின்றது, ஆகஸ்டிலும் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பிவிட்டு நேரிலும் சென்றேன். கூடத்தில் அரைகுறையாகக் குடைந்த பலாக்கட்டைகள் வரிசையாக நின்றன. அவர் கோபப்படவில்லை. "சார், கர்க்கடகத்துல தோலும் காயாது, காசும் வராது. அது எங்க அப்பா காலத்துலேர்ந்தே அப்படித்தான். நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே," என்றார்.

நான் கேட்டிருக்கவில்லை. ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டேனே தவிர, எந்த மாதத்தில் எவ்வளவு என்று கேட்கவில்லை. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அக்கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதன்பின் அடுத்த கடன் பெறுவது கடினம். கண்ணியமான ஒரு தொழிலாளியை அந்த விளிம்பு வரை கொண்டுசென்றது அவருடைய சோம்பலன்று. நான் எழுதிய அட்டவணை. அன்று முதல் கைத்தொழில் செய்வோர் எவர் வந்தாலும், அவருடைய ஆண்டை முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்க்கிறேன். அந்தத் தாளை நீங்களே எழுதலாம். அதற்கு நான்கு படிகள் உள்ளன.

முதற்படி: கைகளிலிருந்து தொடங்குக

"இந்த ஆண்டு 10 இலட்சம் ரூபாய்க்கு விற்க வேண்டும்" என்பது விருப்பம். அது இலக்கு ஆகாது. பணத்தொகையில் தொடங்கும் இலக்கு, அதைச் செய்யும் கைகளுக்கு எத்தனை நாள் இருக்கின்றன என்று கேட்பதில்லை. ஆகவே நாட்களை முதலில் எண்ணுக.

தேர்ந்த தொழிலாளர் இருவர் உள்ள ஒரு கூடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பின்வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டுமே. உங்கள் எண்களை அவ்விடத்தில் இட்டுக்கொள்க. மழை, திருவிழா, உடல்நலக் குறைவு ஆகியவற்றைக் கழித்தால் ஒருவருக்கு ஆண்டில் 240 வேலைநாள், இருவருக்கு 480. கட்டையும் தோலும் வாங்கச் செல்லுதல், வாத்தியத்தை ஒப்படைத்தல், தொழில் பயிலும் இளையவருக்குக் கற்றுக்கொடுத்தல் ஆகியவற்றுக்கு 140 நாள் போகும். எஞ்சுவன 340.

புதிய மிருதங்கம் ஒன்றுக்கு 5 நாள் உழைப்பும், பழைய வாத்தியத்திற்கு மூட்டு மாற்றிக் கரணையிட 1 நாள் உழைப்பும் எனக் கொள்வோம். 160 பழுதுபார்ப்புகளுக்கு 160 நாள்; மீதி 180 நாளில் 36 புதிய வாத்தியங்கள். இதுவே அக்கூடத்தின் உண்மையான கொள்ளளவு.

இரண்டாம் படி: நாளொன்றின் பயனைக் காண்க

வாத்தியத்தின் விலை 14,000 ரூபாய், மூலப்பொருள் 7,500 ரூபாய் எனில், கையில் நிற்பது 6,500 ரூபாய். பழுதுபார்ப்புக்குக் கூலி 1,800, பொருள் 700, எஞ்சுவது 1,100. ஒரு நாள் உழைப்புக்கு வாத்தியம் 1,300 ரூபாயும் பழுதுபார்ப்பு 1,100 ரூபாயும் தருகின்றன.

"அப்படியானால் புதிய வாத்தியங்களையே கூடுதலாகச் செய்யலாமே, 60 செய்வோம்" என்று தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். 60 வாத்தியங்களுக்கு 300 நாள் போகும். பழுதுபார்ப்புக்கு 40 நாளே மிஞ்சும். முதல் திட்டத்தில் மூலப்பொருள் போக நிற்பது 4,10,000 ரூபாய். இரண்டாவது திட்டத்தில் 4,34,000 ரூபாய். கூடுதல் பயன் 24,000 மட்டுமே. அதற்காகக் கட்டையிலும் தோலிலும் நிகரமாக 96,000 ரூபாய் கூடுதலாக முடங்குகிறது. பழுதுபார்ப்புக்கு வந்த 120 பேர் வேறு கூடத்தைத் தேடிச் செல்வர். அவர்களே நாளை புதிய வாத்தியம் வாங்கக்கூடியவர்கள். மேலும் பழுதுபார்ப்புக்கு அன்றே பணம் கிடைக்கிறது. புதிய வாத்தியத்திற்கோ முன்பணம் ஒரு நாளும் மீதி பல மாதங்களுக்குப் பின்னும் வருவது வழக்கம். பெரிய எண் எப்போதும் நல்ல இலக்காக இருப்பதில்லை.

மூன்றாம் படி: ஆண்டைப் பருவங்களாகப் பிரிக்க

36 வாத்தியங்களையும் 160 பழுதுபார்ப்புகளையும் பன்னிரண்டு மாதங்களுக்குச் சமமாகப் பங்கிடுவது எளிது. நான் முன்பு செய்த தவறும் அதுவே. தொழிலின் போக்கை ஒட்டிக் காலாண்டுகளாகப் பிரித்தால், விற்பனை பின்வருமாறு அமையலாம்:

ஏப்ரல்–ஜூன்: 6 வாத்தியம், 40 பழுதுபார்ப்பு, எஞ்சும் தொகை 83,000 ரூபாய்.
ஜூலை–செப்டம்பர்: 8 வாத்தியம், 20 பழுதுபார்ப்பு; 74,000 ரூபாய்.
அக்டோபர்–டிசம்பர்: 14 வாத்தியம், 50 பழுதுபார்ப்பு, 1,46,000 ரூபாய்.
ஜனவரி–மார்ச்: 8 வாத்தியம், 50 பழுதுபார்ப்பு, 1,07,000 ரூபாய்.

இனிச் செலவைப் பார்ப்போம். வீட்டுச் செலவு மாதம் 25,000, வாடகை, மின்சாரம், போக்குவரத்து முதலியன மாதம் 5,000, கடன் தவணை மாதம் 6,000 எனில் காலாண்டுக்கு 1,08,000 ரூபாய் வேண்டும். முதல் காலாண்டில் 25,000, இரண்டாவதில் 34,000 என, செப்டம்பர் முடிவதற்குள் 59,000 ரூபாய் பற்றாக்குறை. பெரும்பாலான குடும்பங்கள் தனியாரிடம் அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்குவதும், நகையை அடகு வைப்பதும் இந்த மாதங்களில்தான். ஆண்டின் மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் குறைவு வெறும் 22,000 ரூபாய். ஆண்டுக் கணக்கு மறைத்ததைப் பருவக் கணக்கு காட்டிவிடுகிறது.

இதற்கு மூன்று மாற்று வழிகள் உண்டு.

ஒன்று, தவணையைப் பருவத்திற்கேற்ப அமைத்தல். அதே 72,000 ரூபாயை முதல் இரண்டு காலாண்டுகளில் 6,000 வீதமும், மூன்றாவதில் 40,000-உம், நான்காவதில் 20,000-உம் செலுத்துவதாக வைத்தால், செப்டம்பர் இறுதியில் பற்றாக்குறை 59,000-இலிருந்து 35,000 ஆகக் குறையும். இதைக் கடன் ஆவணங்கள் எழுதுவதற்கு முன்பே கேட்க வேண்டும். வருமானம் வரும் மாதங்களை எழுத்தில் காட்டினால் கிளை அதிகாரி பரிசீலிப்பதற்கு வழி ஏற்படும்.

இரண்டு, விலையைத் திருத்துதல். ஒரு வாத்தியத்திற்கு 600 ரூபாய் கூட்டினால் ஆண்டில் 21,600 ரூபாய். ஆண்டுக் குறைவு ஏறக்குறைய நிரம்பிவிடும். கூடுதலாக ஒரு நாள்கூட உழைக்க வேண்டியதில்லை. ஐந்தாறு ஆண்டுகளாக விலையை மாற்றாத கூடங்கள் பல உண்டு. தோல் விலையும் கட்டை விலையும் அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை.

மூன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு தொடர் வைப்புக் கணக்கில் சேமித்து, அதை மழைக்காலத்திற்கென ஒதுக்குதல்.

வேலையையும் இவ்வாறே மாற்றி அடுக்கலாம். தோல் காயாத மாதங்களில் கட்டை குடைதல், வார் அறுத்தல் போன்ற பணிகளை முடித்து வைத்தால், நவராத்திரிக்குப் பின் வரும் நெருக்கடி குறையும்.

நான்காம் படி: மாதம் ஒருமுறை நான்கு எண்கள்

இலக்கு எழுதுவோரில் பலர் அதை மறுபடி பார்ப்பதில்லை. நாள்தோறும் பேரேடு எழுத இயலாதவர்கள்கூட மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான்கு எண்களை எழுத முடியும்: செய்து முடித்தவை எத்தனை, விற்றவை எத்தனை, பிறரிடமிருந்து வர வேண்டிய பாக்கி எவ்வளவு, கையிலும் வங்கியிலும் உள்ள பணம் எவ்வளவு.

செய்தவை கூடி விற்றவை குறைந்தால், பணம் சரக்காக முடங்குகிறது. விற்றவை கூடி, கைப்பணம் குறைந்தால், பாக்கி வளர்கிறது. வாங்கிய முன்பணத்தை வருமானமாக எழுதலாகாது. வாத்தியத்தை ஒப்படைக்கும் வரை அது நீங்கள் பட்ட கடனே. முன்பணத்தில் வீட்டுச் செலவை நடத்திவிட்டு, பின்னர் தோல் வாங்கப் பணமின்றித் திண்டாடியவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். இதைத் தவிர்க்கத் தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, கியூஆர் குறியீட்டில் வரும் தொகை அதிலேயே சேருமாறு செய்க.

செப்டம்பர் 30 அன்று இலக்கை ஒருமுறை திருத்துக. அரையாண்டில் 14 வாத்தியங்கள் விற்றிருக்க வேண்டிய இடத்தில் 9 மட்டுமே விற்றிருந்தால், மீதி ஆறு மாதத்தில் 27 விற்றுவிடலாம் என்று பழைய எண்ணைப் பற்றிக்கொண்டிருத்தல் தகாது. காரணத்தைக் கண்டறிந்து எண்ணைக் குறைப்பதும், அதற்கேற்பக் கட்டைக் கொள்முதலைக் குறைப்பதும் தோல்வியல்ல.

இடருக்கும் ஓரிடம்

2018-ஆம் ஆண்டு இடுக்கிக்கு மறக்கவியலாதது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அவ்வாண்டு மூணாறு மலைகளில் பூத்தது. பெருந்திரளாகப் பயணிகள் வருவர் என எதிர்பார்த்திருந்த வேளையில் ஆகஸ்டுப் பெருவெள்ளம் சாலைகளைத் துண்டித்தது. அதே வெள்ளத்தில், எறணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் ஓணத்திற்காக நெய்து வைத்திருந்த துணிகள் சேற்றில் மூழ்கின. அத்துணிகளைச் சுத்தம் செய்து சேக்குட்டி என்னும் சிறு பொம்மைகளாக்கி விற்றது பின்னர் வந்த ஆறுதல். ஒரே பருவத்தை நம்பி முழுச் சரக்கையும் ஓரிடத்தில் குவிப்பது எத்தகைய இடர் என்பதை அவ்வாண்டு உணர்த்தியது. சரக்குக்கும் கருவிகளுக்கும் காப்பீடு உண்டா, அதில் வெள்ளம் அடங்குமா என்பதை உங்கள் ஆண்டுத் தாளின் கடைசி வரியாக எழுதி வைக்க.

உதவும் திட்டங்கள்

உத்யம் பதிவு இணையத்தில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் செலுத்த வேண்டும். பாக்கி என்ற மூன்றாம் எண் வளர்ந்துகொண்டே போனால் இவ்விதியை நினைவிற் கொள்க.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் 18 கைத்தொழில்கள் உள்ளன. பாய், கூடை முடைவோர் அவற்றுள் அடங்குவர். முதலில் 1 இலட்சம், அதைச் செலுத்தியபின் 2 இலட்சம் ரூபாய் வரை பிணையின்றி 5 விழுக்காடு வட்டியில் கடன் கிடைக்கும். இசைக்கருவி செய்தல் அப்பட்டியலில் தனித்தொழிலாக இடம்பெறவில்லை. அவர்கள் முத்ரா கடனை நாடலாம். அதில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரையும், கிசோர் பிரிவு 5 இலட்சம் வரையும் வழங்குகின்றன. எல்லை கடந்து கோயம்புத்தூரிலோ சென்னையிலோ விற்போர் தங்கள் ஜி.எஸ்.டி. நிலையைக் கணக்காளரிடம் உறுதிசெய்துகொள்வது நலம்.

நிறைவாக

முன்பு குறிப்பிட்ட முதியவரின் தவணைகளைப் பின்னர் மேலிட ஒப்புதலுடன் மாற்றியமைத்தோம். கடன் முழுவதும் அடைந்தது. கடைசித் தவணையைக் கட்ட அவர் தம் பேரனுடன் வந்திருந்தார். மாதக் கணக்கைப் பேரன்தான் எழுதிவருவதாகச் சொன்னார். வருமானம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத தொழிலில் இளையோர் தங்குவதில்லை. தெரிந்தால் சிலராவது தங்குவர்.

இந்த வாரம் ஒரு தாள் எடுத்துப் பின்வருவனவற்றுக்கு விடை எழுதுக:

1. என் கைகளுக்கு ஆண்டில் எத்தனை வேலைநாள்?
2. ஒரு பொருளுக்கு எத்தனை நாள். அதில் எனக்கு எஞ்சுவது எவ்வளவு?
3. எந்த மாதங்களில் பணம் வரும். எந்த மாதங்களில் வராது?
4. வராத மாதங்களுக்கு என்ன ஏற்பாடு?
5. சரக்குக்கும் கருவிக்கும் காப்பீடு உண்டா?

அடுத்த முறை கிளைக்கு வரும்போது அத்தாளையும் உடன் கொண்டுவருக. கடன் விண்ணப்பத்தைவிட அது உங்கள் தொழிலைத் தெளிவாக எடுத்துச் சொல்லும்.