மருந்தியல் பயில விரும்புவோர்க்கு

அமெரிக்காவிலேயே படித்து மருந்தாளுநராக விரும்புவோர் ‘பார்ம் டி’ என்னும் பட்டம் பெற்றாக வேண்டும். இளங்கலைக்கு 4 வருஷமும் இதற்கு 4 வருஷமுமாகச் செல்லும் காலத்தை ஏழாகச் சுருக்கும்பொருட்டு, முதல் 3 வருஷம் கல்லூரியிலும் எஞ்சிய 4 வருஷம் மருந்தியல் பள்ளியிலும் பயின்று இரு பட்டங்களையும் அடையும் இரட்டைப் பட்டத் திட்டங்கள் அங்கே பல ஏற்பட்டிருக்கின்றன.

மருந்தியல் பள்ளியின் முதலாண்டுப் பாடங்களே இளங்கலையின் நான்காம் ஆண்டுக்கு ஈடாகக் கொள்ளப்படுவதால், எப்பாடம் எதற்கு ஈடாகும் என்பதை ஆலோசகரிடம் ஆரம்பத்திலேயே எழுத்து மூலமாகப் பெற்றுக்கொள்வது அவசியம்.

பொது ரசாயனத்தை முதலாண்டிலேயே முடித்தால்தான் கரிம ரசாயனத்தை இரண்டாம் ஆண்டில் தொடங்க இயலும். தள்ளிப்போட்டால் மூன்றாண்டுக் கணக்கே குலைந்துவிடும். கரிம ரசாயனத்தை மனப்பாடத்தால் கடந்துவிடலாமென எண்ணுவது வீண். மூலக்கூறுகள் ஏன் அவ்விதம் வினைபுரிகின்றன என்பதை நாள்தோறும் காகிதத்தில் வரைந்து பழகும் மாணவருக்கே பிற்பாடு மருந்துகளின் குணம் தெளிவாக விளங்கும். உயிரியல், உடலியல், நுண்ணுயிரியல், நுண்கணிதம், புள்ளியியல் ஆகியவையும் பெரும்பாலும் கேட்கப்படும்.

‘பிகேட்’ என்னும் நுழைவுப் பரீட்சை 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டமையால், கல்லூரி மதிப்பெண், பேராசிரியர் சிபாரிசு, நேர்முகம் ஆகியவற்றில் விசேஷ சிரத்தை வேண்டும். விடுமுறையில் மருந்துக்கடை உதவியாளராகப் பணிபுரிந்து, நோயாளிகளோடு பொறுமையாகப் பேசப் பழகுவது நேர்முகத்துக்கு மட்டுமன்றித் தொழிலுக்கே உகந்த பயிற்சி.

பிரவேசம் கிட்டாமற்போவதும் உண்டாகையால், தேவையானால் நான்காம் ஆண்டும் அதே கல்லூரியில் பயின்று இளங்கலையை முடிக்க ஏதுவாகப் பாடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்.