வெண்புள்ளி குஷ்டம் அன்று

தோலில் வெள்ளைத் திட்டு உள்ளவரைக் கண்டால் ‘வெண்குஷ்டம்’ என்று ஒதுங்குவோர் எங்கள் அய்யம்பாளையம் பக்கத்தில் இன்றும் உண்டு. அவர் குடித்த தம்ளரைத் தனியே கவிழ்த்து வைப்பார்கள். அவ்வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் காபி கூடக் குடிக்காமல் எழுந்து விடுவார்கள். மீனும் தயிரும் சேர்த்து உண்டதால் வந்தது என்று காரணமும் சொல்வார்கள். அது உண்மையன்று.

குஷ்டம் கிருமியால் வருவது. அதன் படையில் தொடு உணர்ச்சி குறையும். (அதுவும் இன்று மாத்திரையால் முழுதும் குணமாகிறது.) வெண்புள்ளிக்குக் கிருமியே இல்லை, அவ்விடத்தில் எறும்பு ஊர்ந்தாலும் தெரியும். தொட்டால் ஒட்டாது. வெண்புள்ளி விழிப்புணர்வு இயக்கத்தினர் அந்தப் பழைய பெயரையே மாற்றப் பாடுபட்டவர்கள்.

பின் எதனால் வருகிறது? தோலுக்கு நிறம் தரும் மெலனினை மெலனோசைட் என்னும் செல்கள் உண்டாக்குகின்றன. கிருமி புகுந்த செல்களைத் தேடி அழிப்பது இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களின் வேலை. இந்நோயில் அவை மெலனோசைட்டுகளையே பகைவராக எண்ணித் தாக்குகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! தாக்கும்போது இன்டர்பெரான் காமா என்ற பொருளைச் சுரக்கின்றன. அது பட்ட தோல் செல்கள் ‘இங்கே வா’ என்று வேதி அழைப்பு விடுக்க, மேலும் டி செல்கள் திரள்கின்றன; திட்டும் பெரிதாகிறது. சண்டை ஓய்ந்த பின்னும் சில அங்கேயே குடியிருக்கும். மருந்தை நிறுத்தியதும் பழைய இடத்திலேயே வெண்மை திரும்புவது அதனால்தான்.

ஆகவே சிகிச்சையில் இரண்டு வேலைகள். முதலாவது, தாக்குதலை அடக்குவது. இதற்கு ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ் களிம்புகள் உள்ளன. இன்டர்பெரானின் செய்தி செல்லுக்குள் செல்லும் வழியை அடைக்கும் ருக்சோலிடினிப் களிம்புக்கு 2022-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

இரண்டாவது, நிறத்தை மீண்டும் வளர்ப்பது. 311 நானோமீட்டர் அளவுள்ள புற ஊதாக் கதிரை வாரம் இரண்டு மூன்று முறை, பல மாதங்கள் காட்டுகிறார்கள். அப்போது முடிவேர்களில் ஒளிந்திருக்கும் இளம் நிறச் செல்கள் விழித்து மேலே வருகின்றன. வெள்ளைத் திட்டில் முதலில் முடியைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் தோன்றுவதைப் பார்த்தால் இது விளங்கும். முடியில்லாத உதட்டிலும் விரல் நுனியிலும் நிறம் திரும்புவது கடினம்.

நம் நாட்டு வைத்தியர் கையாண்ட கார்போகரிசியிலும் ஒளியோடு சேர்ந்து வேலை செய்யும் சோரலென் இருக்கிறது. முன்னோர் அறிவைக் கண்டு வியந்தோம். ஆனால் அதைத் தாமாக அரைத்துப் பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளிக்கும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது; திட்டு சிறிதாக இருக்கும்போதே அங்கே காட்டுவது நல்லது, ஏனெனில் புதிய திட்டுகளே சிகிச்சைக்கு எளிதில் இணங்குகின்றன.