புற்றுநோயை முளையிலே அறிதல்

புற்றுநோய் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் உள்ளம் துணுக்குறாதார் மிகச் சிலரே. அந்நோய் பற்றியபின் மீட்சியில்லை என்னும் எண்ணம் நம்மவருள் ஆழ வேரூன்றியிருக்கின்றது. அவ்வெண்ணம் முழுவதும் உண்மையன்று. முளையிலே அறியப்படின் எளிதாகக் களையத்தக்க புற்றுகளும் உள. அங்ஙனமாயின், அறிவதற்கு வழியிருந்தும் பல்லாயிரவர் மடிவது ஏன்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எல்லாப் புற்றுகளையும் இச்சிறு கட்டுரையுள் அடக்குதல் அரிதாதலின், பெண்களைப் பற்றும் கருப்பைவாய்ப் புற்று ஒன்றனையே ஈண்டு எடுத்துக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 6,60,000 பெண்களுக்கு இந்நோய் கண்டது; ஏறத்தாழ 3,50,000 பேர் இதனால் மாண்டனர். மாண்டவருள் மிகப் பெரும்பாலார் வருவாய் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருவாயுடைய நாடுகளிலும் வாழ்ந்தவரே.

நோயின் இயல்பு

இப்புற்று ஒரு நாளில் தோன்றுவதன்று. பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமியின் சில வகைகளே இதற்கு மூலம் என்பதை ஜெர்மன் நாட்டு அறிஞர் ஹரால்டு சூர் ஹாவ்சன் 1980-களில் புலப்படுத்தினார். அதன்பொருட்டு 2008-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். இக்கிருமி பலரைத் தொற்றினும், பெரும்பாலாரிடத்து ஓரிரண்டு ஆண்டுகளில் தானே நீங்கிவிடும். நீங்காது தங்கிய சிலரிடத்துக் கருப்பைவாயின் உயிரணுக்கள் சிறிது சிறிதாகத் திரியும். அத்திரிபு புற்றாக முற்றுதற்குப் பெரும்பாலும் பதினைந்து அல்லது இருபது ஆண்டுகள் செல்லும். இந்நீண்ட இடைக்காலத்தில் நோவுமில்லை, வேறு குறியுமில்லை. ஆயின் அப்பொழுதே அத்திரிபைக் கண்டு அழித்துவிட்டால் புற்றுத் தோன்றுதற்கு இடமேது? இயற்கை நமக்கு நீண்ட தவணை கொடுத்திருக்கின்றது. அத்தவணையை வீணாக்குவது நாமே.

பழைய முறையும் அதன் இடரும்

கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜார்ஜ் பாபனிகொலாவு என்பவர், கருப்பைவாயிலிருந்து வழித்தெடுத்த உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டிற் பூசிச் சாயமேற்றி உருப்பெருக்கியால் நோக்கும் முறையை 1928-ஆம் ஆண்டில் முதன்முதல் அறிவித்தார். 1943-இல் டிராட் என்பாருடன் அதனை நூலாகவும் வெளியிட்டார். அம்முறையை ஒழுங்காகக் கைக்கொண்ட செல்வ நாடுகளில் இந்நோய் பெரிதும் குறைந்தது.

எனினும் அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். பழகிய கண் வேண்டும். முடிவு கிடைக்கச் சில வாரங்களும் வேண்டும். கூலிவேலையை ஒரு நாள் விட்டு வந்த தாய், முடிவறிய மறுமுறையும், சிகிச்சைக்கு மூன்றாம் முறையும் வரல்வேண்டும். ஒவ்வொரு முறையும் சிலர் வராது நின்றுவிடுவர். கிணற்றிலிருந்து இறைத்த நீர் வாய்க்காலின் உடைப்புதோறும் கசிந்தோடினால் கடைமடைப் பயிர் வாடுமன்றோ? இறைத்தவன் உழைப்பிற் குறையில்லை, வாய்க்காலிலேயே குறை. மருத்துவத்திலும் நிகழ்வது இதுவே. ஆகவே, பெண் வந்த இடத்திலேயே, வந்த அன்றே விடை தரத்தக்க சோதனையை அறிஞர் நாடினர்.

காடிச் சோதனை

அவற்றுள் மிக எளியது காடிச் சோதனை. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு அசெட்டிக் அமிலங் கலந்த நீரை, அதாவது சமையலறைக் காடியை ஒத்த நீரை, கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல விளக்கொளியில் வெறுங்கண்ணால் நோக்குவர். திரிபுற்ற உயிரணுக்களில் உட்கருப் பெரிதாகவும் புரதம் மிகுதியாகவும் இருக்கும். அமிலம் பட்டவுடன் அப்புரதம் உறைய, ஒளி ஊடுருவாமல் அவ்விடம் வெண்மையாகத் தோன்றும். நலமான இடமோ இளஞ்சிவப்பாகவே இருக்கும். இதற்கு மின்னாற்றல் மிக்க கருவிகள் வேண்டா. பயிற்சி பெற்ற செவிலியே செய்யலாம்.

இம்முறை உயிரைக் காக்குமா என்பதை ஆராய்ந்த இடங்களுள் நமது திண்டுக்கல் மாவட்டம் ஒன்று. அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய நலவாழ்வு மையமும், பிரான்சு நாட்டு லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் பிறருடன் கூடி இவ்வாராய்ச்சியை நடத்தின. 114 ஊர்த்தொகுதிகளைத் திருவுளச்சீட்டு முறைபோல் இரு கூறாக்கி, 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுடைய பெண்களைக் காடிச் சோதனைக்கு அழைத்தனர். மற்றை 57 தொகுதிகளில் வழக்கமான மருத்துவமே நிகழ்ந்தது. 2000 முதல் 2003 வரை 31,343 பெண்கள் சோதிக்கப்பட்டனர். 2006-ஆம் ஆண்டு இறுதிவரை கணக்கிட்டதில், அழைக்கப்பட்ட தொகுதிகளில் நோய் நூற்றுக்கு 25 பங்கும், சாவு நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன. இம்முடிவு 2007-இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

மும்பையில் 1998-இல் தொடங்கிய மற்றோர் ஆராய்ச்சியில், மருத்துவரல்லாத நலப்பணிப் பெண்களே பயிற்சி பெற்றுச் சோதித்தனர். பன்னிரண்டு ஆண்டுகளில் இந்நோயால் நேரும் சாவு நூற்றுக்கு 31 பங்கு குறைந்தது. இவ்வாராய்ச்சிகளில் ஒப்பீட்டுக்கென நிறுத்தப்பட்ட ஊர்ப் பெண்களுக்குச் சோதனை அளியாமை முறையோ எனச் சிலர் வினவினர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. அறிவின் பயனை அவ்வூர்களும் குறைவறப் பெறவேண்டும் என்பதையே அது நமக்கு நினைப்பூட்டுகின்றது.

விரைவும் நுட்பமும்

விரைவாகக் கிடைக்கும் விடையெல்லாம் சரியான விடையாகுமென்று கொள்ளற்க. காடிச் சோதனை காண்பவர் கண்ணைப் பொறுத்தது. வெறும் அழற்சியும் சிலபோது வெண்மையாகத் தோன்றும். அதனால் நோயில்லாதாரும் அஞ்சவும் வேண்டாச் சிகிச்சை பெறவும் நேரும். ஐம்பது வயதைக் கடந்தோரிடத்து நோய் தோன்றும் பகுதி உள்ளொடுங்கிவிடுதலின் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. மகாராஷ்டிரத்தில் அந்நாளில் உஸ்மானாபாத் என வழங்கிய மாவட்டத்தில் நடந்து 2009-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், காடிச் சோதனையால் சாவு குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை. ஆனால் பாப்பிலோமா வைரஸின் மரபுப்பொருளை ஒரே முறை தேடிய சோதனையால் சாவு ஏறத்தாழப் பாதியாயிற்று.

அச்சோதனைக்கு அன்று ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. பின்னர் அதனையும் மக்களிடம் கொண்டுவர முயன்றனர். கேர்ஹெச்பிவி என்னும் கருவி ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் விடை தந்தது. ஜீன்எக்ஸ்பர்ட் என்னும் சிறு பெட்டியோ ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே தருகின்றது. மாதிரியைப் பெண் தானே எடுத்துக்கொடுக்கவும் கூடுமாதலின், நாணத்தால் வாராதாரும் பயன்பெறுவர். உலக நலவாழ்வு நிறுவனமும் 2021-இல் வெளியிட்ட நெறிமுறையில் இவ்வைரஸ் சோதனையையே முதன்மையாகப் பரிந்துரைத்தது.

உண்மையான பயன்

எனினும், சோதனை ஒருவரையும் குணப்படுத்துவதில்லை என்பதை நாம் மறத்தலாகாது. திண்டுக்கல்லில் நன்கு நடந்த பணியிலுங்கூட, புற்றுக்கு முந்திய திரிபு கண்ட 1,874 பெண்களுள் நூற்றுக்கு 72 பேரே சிகிச்சை பெற்றனர். எஞ்சியோர் வாய்க்காலிற் கசிந்த நீர் போன்றவர். ஆகவே அன்றே விடை தருதலோடு நில்லாது, தக்கவர்க்கு அன்றே சிகிச்சையும் தருதல் வேண்டும். திரிபுற்ற இடத்தைக் குளிரால் உறையச்செய்தோ வெப்பத்தாற் சுட்டோ சில நிமிடங்களில் அழித்துவிடலாம். முற்றிய புற்றென ஐயுறத்தக்கவரையும், திரிபு உட்புறம் பரவியவரையும் பெரிய மருத்துவமனைக்குத் துணையோடு அனுப்புதல் கடன். தாய் வீடு திரும்புமுன் அவளுக்கு விடையும் வழியும் கிடைத்தனவா என்பதே சோதனையின் விரைவை அளக்கும் உண்மையான அளவுகோல்.

மாணவ நேயர்களே! உங்களுட் சிலர் மருத்துவராவீர், சிலர் செவிலியராவீர், பலர் ஆசிரியராய் ஊர்தோறும் செல்வீர். யாவராயினும், முப்பது வயதைக் கடந்த உங்கள் இல்லத்துப் பெண்டிர் நலமாயிருக்கும்பொழுதே ஒருமுறை சோதித்துக்கொள்ளுமாறு சொல்லுங்கள். சோதனையில் ஐயம் கண்டால் அது புற்றென்று பொருளன்று என்பதையும் தெளிவாக உரையுங்கள். மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்டாலோ, இடைக்காலத்தில் காரணமின்றி உதிரம் கண்டாலோ, சோதனை முகாமிற்குக் காத்திராது உடனே மருத்துவரை நாடச் செய்யுங்கள். நாணமும் அச்சமும் மறைத்துவைக்கும் நோயை இன்சொல்லால் வெளிக்கொணர்தல் கற்றவர் கடமை. அச்சொல்லைச் சொல்லுதற்கு ஆய்வுக்கூடமும் வேண்டா, பட்டமும் வேண்டா.