வகுப்பறையில் கணிப்பொறி: வாங்கினால் மட்டும் போதுமா?



நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஒரு கணிப்பொறி வாங்கித் தரலாம் என்று போபோடியில் நண்பர்கள் பலர் சொல்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் பட்டயப் படிப்பு முடித்து ரயில்வேயில் பல்லாண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். எஞ்சின் வரும் முன்பே அதைப் பராமரிக்க ஷெட்டும், உதிரி பாகங்களும், ஓட்டத் தெரிந்த ஆளும் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் இரும்பு. வகுப்பறைக் கருவிக்கும் இதே விதிதான். நம் நாட்டு முயற்சிகள் இரண்டைப் பார்ப்போம்.

1. செயற்கைக்கோள் தொலைக்காட்சி

அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு இஸ்ரோ 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு காலம் 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பியது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊர் மக்களுக்கு. இந்தி, கன்னடம், தெலுங்கு, ஒரியா என அந்தந்த வட்டார மொழியில் நிகழ்ச்சிகள் வந்தன. பெட்டிகளைப் பழுது பார்க்க வட்டார அளவில் ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். ஆசிரியர்களுக்கும் இதே வழியில் பயிற்சி தரப்பட்டது. ஓராண்டு முடிந்ததும் இரவல் செயற்கைக்கோளை அமெரிக்கா திரும்ப எடுத்துக்கொண்டது, ஒளிபரப்பும் நின்றது. மொழி, பராமரிப்பு, பயிற்சி ஆகிய மூன்றையும் முன்கூட்டியே யோசித்தவர்களுக்கே, கருவி சொந்தமில்லாததால் இந்த நிலை!

2. பள்ளிக்கு வந்த கணிப்பொறி

1984 இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணிப்பொறிகளைக் கொடுத்தது. கருவி புதியது, மென்பொருளில் பெரும்பகுதி ஆங்கிலம். ஆசிரியருக்குக் கிடைத்த பயிற்சியோ குறுகியது. கணக்கு, அறிவியல் பாடங்களோடு கணிப்பொறி கலக்கவில்லை. தனியறையில் நடக்கும் தனிப் பாடமாகவே பல இடங்களில் நின்றது. பாடம் நடத்தும் ஆசிரியரின் கைக்கு வராத கருவி, பிள்ளையின் கைக்கு எப்படி வரும்?

3. நம் வீட்டு நிலை

2020 இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது வகுப்பறையே கைபேசிக்குள் வந்தது. வீட்டில் ஒரே கைபேசி. அதை அப்பா வேலைக்கு எடுத்துச் சென்றால் பிள்ளைக்கு வகுப்பு கிடையாது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் யாருக்கு முதலில் என்ற சண்டை. கருவி இருந்தும் பாடம் எட்டாத நிலையை நாம் கண்ணாரக் கண்டோம்.

வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்கு, புரியாத மொழியில் ஓடும் பாடம் வெறும் படம்தான். வெளியிடங்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளையும் மனதில் கொண்டு தமிழக அரசு 2001 இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இயங்குகிறது. மழலைக் கல்விப் பாடங்கள் அதன் இணையதளத்தில் உண்டு. ஆனால் பக்கத்தில் அமர்ந்து ‘அ, ஆ’ சொல்லிக்கொடுக்க ஒருவர் இல்லாமல், ஐந்து வயதுக் குழந்தை அதைத் தானே தேடிப் படிக்காது.

4. நன்கொடைக்கு முன் மூன்று கேள்விகள்

அ) பழுதானால் யார் பார்ப்பார்? அந்தச் செலவை யார் தருவார்?
ஆ) எந்த ஆசிரியர், எந்தப் பாடத்துக்கு, வாரத்தில் எத்தனை மணி நேரம் பயன்படுத்துவார்?
இ) பிள்ளைக்குப் புரியும் மொழியில் பாடம் இருக்கிறதா?

மூன்றுக்கும் விடை கிடைத்த பின் கருவி வாங்குவோம். திரட்டும் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று முதலிலேயே ஒதுக்கி வைப்போம். நம்மில் ஓய்வு பெற்றவர்கள் அநேகர் உண்டு. வாரம் இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு அமர முன்வந்தால், பத்துக் கணிப்பொறி செய்யாத வேலையை ஒன்றே செய்யும்.