பிழையைச் சொல்ல அஞ்சாத இடம்

கோப்பையைத் தவறுதலாக உடைத்த பிள்ளை உங்களிடம் ஓடி வருகிறதா, கதவின் பின்னால் ஒளிந்து கொள்கிறதா? அது உங்கள் முகத்தைப் பொறுத்தது. காரியாலயத்திலும் இதே கதைதான். உங்களுக்குக் கீழே நால்வர் வேலை செய்தாலும், நாற்பது பேர் வேலை செய்தாலும் இதைச் சிந்தித்துப் பாருங்கள்.

1990களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஏமி எட்மன்சன், வைத்தியசாலைகளில் மருந்து கொடுக்கும்போது நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கோ நேர்மாறாக இருந்தது. அப்பிரிவுகளிலேதான் கூடுதலான தவறுகள் பதிவாகியிருந்தன! காரணம் என்ன? அங்குள்ள தாதியர் தவறுகளை ஒளிக்காமல் பேசினர். பொறுப்பாளருக்கு அஞ்சிய பிரிவுகளிலோ அவை மறைக்கப்பட்டன. அஞ்சாமல் பேசக்கூடிய இந்த நிலையை, 1999இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற பெயரால் அவர் விளக்கினார்.

மறைத்த பிழை மறைந்து போவதில்லை. மருந்தில் நேர்ந்த பிழை உயிரையே பறிக்கலாம்.

ஆகவே முகாமையாளர்களே, பிழையைச் சொல்ல ஒருவர் வந்தால், “யார் செய்தது?” என்று சீறாமல், “என்ன நடந்தது?” என்று கேளுங்கள். சொன்னதற்கு நன்றி கூறுங்கள். உங்கள் பிழையையும் மற்றவர் முன் ஒப்புக்கொள்ளுங்கள். இது அசட்டையீனத்துக்கு இடங்கொடுப்பதன்று. வேலையில் கண்டிப்பும் வேண்டும். ஆனால் உண்மை சொன்னவரைத் தண்டித்தால், நாளை உண்மை உங்களிடம் வராது.