கரிசல் மண்ணில் தழைத்த கொடையறம்

திருக்கோயில்களில் வழிபடும் அன்பர்களின் நாவில் நாள்தோறும் வழங்கும் சொற்கள் தானம், தருமம், தியாகம் என்பன. உண்டியலில் இடும் காணிக்கை முதல் திருப்பணிக்கு அளிக்கும் பெருங்கொடை வரை அனைத்தையும் இச்சொற்களாலேயே குறிப்பிடுவது வழக்கம். எனினும் கொடுப்பதெல்லாம் தானம் ஆகுமா, இழப்பதெல்லாம் தியாகம் ஆகுமா, கையில் பொருள் இல்லாத ஏழைக்கு இவ்வறங்களில் இடம் உண்டா என்னும் வினாக்கள் அன்பர் பலர் உள்ளத்தில் எழுவதுண்டு. இவற்றிற்கு விடை காண வளம் கொழிக்கும் ஆற்றுச் சமவெளியைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமியாகிய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரமே அவ்விடையைத் தன் கல்லிலும் வரலாற்றிலும் எழுதி வைத்துள்ளது.

சொற்களின் பொருள்

கொடுத்தல் என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து பிறந்தது தானம். விட்டுவிடுதல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது தியாகம். தானத்தில் பொருள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்கிறது. தியாகத்திலோ, அப்பொருளின்மீது கொண்ட 'எனது' என்னும் பற்று நெஞ்சை விட்டு நீங்குகிறது.

தமிழ் மரபு இதனை மேலும் நுட்பமாகக் கண்டது. ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் தொல்காப்பியர் வேறுபடுத்திக் காட்டுகிறார். தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்கும் சொல் 'ஈ'. ஒத்த நிலையினர் கேட்பது 'தா'. உயர்ந்த நிலையினர் கேட்பது 'கொடு'. திருவள்ளுவர் தம் அதிகாரத்திற்கு 'ஈகை' என்றே பெயரிட்டார். கைம்மாறு செய்ய இயலாத வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை. ஏனைய கொடைகள் எல்லாம் பயனை எதிர்நோக்கிச் செய்யும் கொடுக்கல் வாங்கலே என்பது அவர் துணிபு. ஈகைக்கு முன்னதாக அவர் வைத்த அதிகாரம் ஒப்புரவு அறிதல். பேரறிவாளனிடம் சேர்ந்த செல்வத்திற்கு, ஊரார் அனைவரும் நீர் முகக்கும் ஊருணி நிறைந்திருப்பதை அங்கே உவமை காட்டுகிறார். ஊருணி வற்றினால் ஊரே தவிக்கும் கரிசல் நாட்டினர்க்கு இவ்வுவமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே வள்ளுவர், மழை பொய்க்குமாயின் உலகில் தானமும் தவமும் நிலைபெறா என்று வான்சிறப்பில் எச்சரிக்கிறார். அவ்வாறாயின், மழை அடிக்கடி பொய்க்கும் மண்ணில் அறம் எவ்வாறு நிலைபெற்றது? வறட்சியிலும் அழியாத வடிவங்களில் தம் அறத்தை அமைத்துக்கொண்டமையே இவ்வட்டாரத்துப் பெரியோரின் சிறப்பாகும்.

சாவா மூவா ஆடுகள்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் அமைந்த திருச்சுழியில், அருள்மிகு துணைமாலை அம்மை உடனாகிய அருள்மிகு திருமேனிநாதர் எழுந்தருளியுள்ளார். பாண்டிய நாட்டுப் பாடல் பெற்ற 14 தலங்களுள் ஒன்றாகிய இத்தலத்தைச் சுந்தரமூர்த்தி நாயனார் சேரமான் பெருமாள் நாயனாருடன் வந்து வழிபட்டுப் பதிகம் பாடினார். இத்தலத்திலும் அருகில் உள்ள பள்ளிமடத்திலும் காணப்படும் பாண்டியர் காலக் கல்வெட்டுகள், திருவிளக்கு எரிப்பதற்காக ஆடுகள் வழங்கப்பட்ட செய்திகளைக் கூறுகின்றன.

பொன்னும் நன்செய் நிலமும் மிகுந்த நாட்டில் அவற்றை அளித்தல் எளிது. வறண்ட நாட்டில் பசும்புல் குறைந்தாலும் முள்ளும் தழையும் மேய்ந்து பெருகுவது ஆடு. ஆதலால் ஆடே இங்கு அறத்தின் முதலாயிற்று. கொடையாளர் அளித்த ஆடுகளை இடையர்கள் பொறுப்பேற்று வளர்ப்பர். அதற்கு ஈடாக நாள்தோறும் குறித்த அளவு நெய்யைக் கோயிலுக்கு அளந்து தருவர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் என்பது கணக்கு. கிழ ஆடுகள் மடிந்தாலும் குட்டிகள் ஈடு செய்வதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆகவே இவை 'சாவா மூவாப் பேராடுகள்' எனப் பெயர் பெற்றன.

இவ்வேற்பாட்டில் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆடுகளை அளித்தவர் ஒருமுறை கொடுத்தார். வெயிலிலும் பனியிலும் அவற்றை மேய்த்து, பால் கறந்து, நெய் உருக்கி, விடுமுறையின்றி அளந்தவர் இடையர். கொடுத்தவரின் பொருளும் உழைத்தவரின் நாட்களும் சேர்ந்தே அவ்விளக்கு எரிந்தது. பொருள் தருபவரை மட்டுமே அறவோர் எனக் கொள்ளுதல் முறையன்று என்பதற்கு இதுவே சான்று.

மற்றொன்றும் கருதத்தக்கது. பழங்கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில், இவ்வறத்தைக் காப்பவருடைய திருவடிகள் தம் தலைமேல் இருப்பதாகக் கொடையாளர் பணிந்து கூறுவர். பிற்காலத்தில் யாரோ ஒருவர் இதனைக் காப்பார். அவர் முகம் அறியேன். எனினும் அவரை வணங்குகிறேன் என்பது இதன் கருத்து. இக்காலத்தில் சிலர் அளிக்கும் விளக்கின் கண்ணாடி முழுவதும் உபயதாரர் பெயரே நிறைந்து ஒளி வெளிவராமற் போவதுண்டு. பெயர் பொறித்தல் குற்றமன்று, பண்டையோரும் பொறித்தனர். ஆனால் அவர்கள் பெயருடன் பணிவையும் சேர்த்தே பொறித்தனர்.

வித்தையும் ஈந்த மாறனார்

திருச்சுழிக்குக் கிழக்கே, அதே வறண்ட நாட்டின் தொடர்ச்சியில் உள்ளது இளையான்குடி. இவ்வூரில் தோன்றியவர் மாறநாயனார். அடியார்க்கு அமுதளிப்பதையே வாழ்வாகக் கொண்ட இவரது வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார்.

செல்வம் இருந்த காலத்தில் மாறனார் கொடுத்தார், அது வியப்பன்று. செல்வம் முற்றும் தேய்ந்த பின்னரும் அவர் மனம் சுருங்கவில்லை. மழை பெய்யும் நள்ளிரவில் இறைவன் அடியவர் வடிவில் வந்து கதவைத் தட்டினார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அண்டை அயலார் முன்னரே பலமுறை கொடுத்துவிட்டமையால் இனிக் கேட்பதற்கும் இடமில்லை. அப்போது வழி கூறியவர் அவருடைய மனைவியாரே. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்முளையை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துத் தரலாம் என்றார். மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காரிருளில் காலால் வழியைத் தடவிச் சென்று, மழைநீரில் மிதந்த விதைகளை வாரி வந்தார். விறகு இல்லாமையால் கூரையின் மரத்தை அறுத்துக் கொடுத்தார். கறிக்கு, தோட்டத்தில் இன்னும் வளராத இளங்கீரையைப் பறித்து வந்தார். உணவு ஆயத்தமானதும் வந்த விருந்தினர் சோதியாய்த் தோன்றி, இருவரையும் ஆட்கொண்டார்.

விதை என்பது உழவனுக்கு அடுத்த ஆண்டின் உணவு. மழைக்காக ஏங்கி நிற்கும் நிலத்தில் விதையை எடுத்துக் கொடுப்பது, எதிர்காலத்தையே எடுத்துக் கொடுப்பதாகும். இங்கேதான் தானம் தியாகமாக உயர்கிறது. மிகுதியிலிருந்து கொடுப்பது தானம். தனக்கு இன்றியமையாததை மனம் கோணாமல் விடுவது தியாகம்.

இவ்வரலாற்றில் ஓர் அறநெறியும் அடங்கியுள்ளது. மாறனார் ஈந்த விதையும் அவருடையது. அறுத்த கூரையும் அவருடையது. பிறர் பொருளை அவர் தொடவில்லை. மனைவியாரை வருத்தியும் செய்யவில்லை. அவரே முன்வந்து வழி கூறினார். குடும்பத்தினர் கண்ணீர் சிந்த, ஊரார் மெச்சக் கொடுப்பதும், கடன் வாங்கிப் பெருமைக்குச் செலவிடுவதும் தியாகம் ஆகா. ஒருவர் தமக்குரியதைத் துறக்கலாமேயன்றிப் பிறர்க்குரியதைத் துறக்க உரிமை பெற்றவர் அல்லர்.

கீதை காட்டும் மூவகை

பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பகுக்கிறது. கொடுப்பது கடமை என உணர்ந்து, கைம்மாறு கருதாமல், தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்கவர்க்கு அளிப்பது சாத்துவிகம். பயனை எதிர்பார்த்தோ மனவருத்தத்துடனோ அளிப்பது இராசதம். தகாத இடத்தில், இகழ்ச்சியுடன் அளிப்பது தாமதம். 18-ஆம் அத்தியாயமோ தியாகத்தின் இயல்பைத் தெளிவாக்குகிறது. வேள்வி, தானம், தவம் ஆகிய நற்செயல்களைக் கைவிடலாகாது. அவற்றின் பயன்மீதுள்ள பற்றையே விடவேண்டும். செயலை விட்டு ஒதுங்குவதே துறவு என எண்ணுவோர்க்கு இது தக்க மறுமொழி.

திருச்சுழியில் தோன்றிய துறவுச் செம்மல்

திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தோன்றியவர் பகவான் ஸ்ரீ ரமண மகரிஷிகள். தந்தையார் சுந்தரம் ஐயர் அவ்வூரில் வழக்கறிஞர். வந்தவர்க்கெல்லாம் வீட்டில் இடமும் உணவும் தந்து உபசரித்தவர். வேங்கடராமன் என்னும் இளமைப் பெயருடன் இருந்த மகரிஷிகள், 1896-ஆம் ஆண்டு தம் 16-ஆம் வயதில் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். தமையனாரின் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தரப்பட்ட 5 ரூபாயில், வழிச் செலவிற்கு வேண்டும் என மதிப்பிட்ட 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, 2 ரூபாயைக் கடிதத்துடன் வைத்துச் சென்றார். திருவண்ணாமலையை அடைந்ததும் எஞ்சிய பணத்தை அய்யங்குளத்தில் எறிந்தார். அதன் பின்னர் அவர் பணத்தைத் தொடவில்லை.

துறவு அத்துடன் நிறைவு பெறவில்லை. பிற்காலத்தில் ஆசிரமத்தில் தமக்கெனத் தனி உணவு எதனையும் அவர் ஏற்கவில்லை. அனைவர்க்கும் பரிமாறுவதையே தமக்கும் பரிமாறச் செய்தார். வாயிலில் காத்திருக்கும் ஏழைகளுக்கு முதலில் உணவிடும் வழக்கம் அங்கு நிலவியது. பிறர்க்குக் கொடுப்பதெல்லாம் உண்மையில் தனக்கே கொடுத்துக்கொள்வதாகும் என்பது அவர்தம் உபதேசத்தின் சாரம். கொடுப்பவர், பெறுபவர் என்னும் வேறுபாடு அகன்ற இடத்தில் கொடுத்தவர் என்னும் செருக்கிற்கு இடம் ஏது?

ஒரு பிடி அரிசி

பெருந்துறவியரின் வழி எல்லார்க்கும் எளிதன்று. இல்லறத்தார்க்கு இவ்வட்டாரமே எளிய நெறி ஒன்றையும் காட்டியுள்ளது. விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களின் நாடார் வணிகப் பெருமக்கள், தம் வணிகத்தில் ஒரு சிறு பகுதியை 'மகமை' எனப் பொதுவிற்கு ஒதுக்கிவைத்தனர். கோயில்களும் கல்விச்சாலைகளும் அதனால் வளர்ந்தன. விருதுநகரில் 1889-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு, வீடுதோறும் சமைக்குமுன் எடுத்துவைத்த பிடி அரிசியும் துணை நின்றது. அப்பள்ளியில் பயின்றவர்களுள் ஒருவர் பெருந்தலைவர் காமராசர். அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-ஆம் ஆண்டில், பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டம் தமிழகத்தில் மலர்ந்தது. பிடி அரிசியால் வளர்ந்த பள்ளியில் படித்த சிறுவர், பின்னாளில் எண்ணற்ற குழந்தைகளுக்கு உணவளிக்க வழி செய்தார். தமிழகத் திருக்கோயில்களில் 2002-ஆம் ஆண்டு தொடங்கிய அன்னதானத் திட்டத்திற்கு அன்பர்கள் அளிக்கும் சிறு தொகையும் இத்தகைய பிடி அரிசியே ஆகும்.

அந்தப் பிடி அரிசியை எடுத்து வைத்த தாய்மார்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. உலையில் இடுமுன் ஒரு கணம் தம் பசியோடு பிறர் பசியையும் நினைத்ததே அவர்கள் ஆற்றிய வேள்வி.

நிறைவு

கோடைக்காலத்தில் வழிப்போக்கர்க்கு ஒரு குடம் தண்ணீர் வைத்தல், ஊருணியையும் கண்மாயையும் மாசுபடுத்தாமல் காத்தல், கற்கும் பிள்ளைக்கு ஒரு நூல் வாங்கித் தருதல், திருக்கோயில் வளாகத்தைக் கூட்டித் தூய்மை செய்தல் ஆகிய யாவும் பொருள் குறைந்தவரும் செய்யத்தக்க அறங்களே. பொருள் இல்லாதவர் உழைப்பைத் தரலாம். உழைக்க இயலாதவர் இன்சொல்லைத் தரலாம்.

திருமேனிநாதர் திருமுன் ஏற்றிய விளக்கிற்கு நெய் தந்தவை கரிசல் காட்டில் மேய்ந்த ஆடுகள். ஈசனே விருந்தினராய் வந்து ஏற்றது வெள்ளத்தில் மிதந்த விதைநெல். கொடையின் அளவை இறைவன் எண்ணுவதில்லை. கொடுக்கும் கை விட்டுவிட்ட பற்றின் அளவையே அவன் நோக்குகிறான். வானம் வழங்காத காலத்திலும் மனம் வழங்குமாயின், அங்கே அறம் தழைக்கும், இறையருள் பெருகும்.

திருச்சிற்றம்பலம்.